செத்த பிறகு ராணியான ஹான் அம்மையார்: கேள்வி பதில்

கொரியாவின் ஜோசொன் அரச வம்சத்தைத் தொடங்கிய யி சொங்க்யேவின் மூத்த மனைவி ஹான் அம்மையாரைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், உயிரோடு இருந்தபோது அவர் ராணியே இல்லையா?

ஒரு நாள்கூட இல்லை. பிறந்தது 1337, இறந்தது 1391. கணவர் அரியணை ஏறியது 1392. சுமார் பத்து மாதத்தில் தவறிப்போனது.

கேள்வி: ஹான் என்பது அவர் பெயரா?

அப்பா வழிக் குலப்பெயர். கொரியாவில் கல்யாணமானாலும் பெண்கள் அதை மாற்றிக்கொள்வதில்லை.

கேள்வி: முதல் ராணி வேறொருவர் என்று படித்தேனே?

அவர் காங் அம்மையார், இளைய மனைவி. ஜோசொனுக்கு முந்தைய கொர்யோ ஆட்சியின் கடைசிக் காலத்தில் பெரிய மனிதர்கள் சொந்த ஊரில் ஒரு மனைவி, தலைநகர் கேசோங்கில் ஒரு மனைவி என்று வைத்திருந்தார்கள். ‘ஊர் மனைவி’, ‘தலைநகர் மனைவி’ என்று அதற்குப் பெயரே உண்டு. இருவரும் முறைப்படி கட்டியவர்கள்தான். வைப்பாட்டி கணக்கில் வராது. ஹான் வடகிழக்கே ஹம்ஹுங் பக்கத்து ஊர் மனைவி. ஆறு மகன்கள், இரண்டு மகள்கள். காங் தலைநகரில் செல்வாக்குள்ள வீட்டுப் பெண். புது ராஜ்யம் வந்ததும் பட்டம் அவருக்குப் போனது. இளவரசுப் பட்டமும் அவருடைய கடைக்குட்டி பாங்சொக்குக்கே போனது. ஹானின் மகன்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள்.

கேள்வி: அப்படியென்றால் சக்களத்திச் சண்டைதானே எல்லாவற்றுக்கும் காரணம்?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1388-ஐப் பாருங்கள். சீனாவின் மிங் அரசின் மேல் படையெடுக்கப் போன யி சொங்க்யே, யாலு ஆற்றின் விஹ்வா தீவிலிருந்து படையைத் திருப்பித் தன் அரசர் மீதே ஏவினார். குடும்பம் சிக்கினால் பிணைக்கைதிதான். மனைவிகள் இருவரும் அப்போது பொச்சொனில் ஆளுக்கொரு பண்ணையில் இருந்தார்கள். ஹானின் ஐந்தாவது மகன் பாங்வொன் இருவரையும் கூட்டிக்கொண்டு வடகிழக்கே ஓடினான். குதிரையில் ஏற்றுவதும் இறக்குவதும் அவன் கைதான். சமைத்த உணவை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் ஊட்டாத குறையாகக் கவனித்தான் என்கிறது அரசவைக் குறிப்பு. கூட வந்த சிறுவர்களில் ஒருவன் பாங்சொக். பத்து வருஷம் கழித்து, 1398-ல், அதே பாங்வொனின் கலகத்தில்தான் அவன் கொல்லப்பட்டான். அதற்குள் இரண்டு தாய்மாரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

கேள்வி: ராணிப் பட்டம் கொடுத்தது யார்? கணவரா?

1393-ல் ‘ஜொல்பி’ என்றொரு பட்டம் வந்தது, அவ்வளவுதான். முழு ராணியாக, ‘சினுயி’ என்ற பெயரோடு உயர்த்தப்பட்டது 1398 கலகத்துக்குப் பின், இரண்டாவது மகன் பாங்க்வா அரசரானபோது. அம்மா ராணியானால்தானே பிள்ளைகள் பட்டத்து ராணியின் வாரிசுகள்! தாய்ப்பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்திரத்தில் பெயர் மாற்றிய வேலையும் அதில் இருக்கிறது. 1400-ல் பாங்வொனே அரசரானார். மனைவி இருக்க இன்னொரு மனைவி கட்டக்கூடாது என்ற தடை 1413-ல் வந்ததும் அவர் ஆட்சியில்தான். 1899-ல் பேரரசர் கொஜொங், ஹானைப் பேரரசி ஆக்கினார்.

கேள்வி: காங் அம்மையார் என்ன ஆனார்?

1396-ல் இறந்தார். சியோல் நகருக்குள் இருந்த கல்லறையை 1409-ல் பாங்வொன் வெளியே தள்ளினார்; மறு வருஷம் அதன் கற்களை எடுத்துக் குவாங்தொங் பாலத்துக்குப் போட்டார்கள். இன்றும் சியோலின் சொங்க்யேசொன் ஓடைக்கரையில் இறங்கிப் பாலத்தின் அடியில் பார்க்கலாம்: அழகான செதுக்கல்கள், சில தலைகீழாக. அரச முன்னோர்களை வழிபடும் ஜொங்ம்யோ ஆலயத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 1669-ல்.

கேள்வி: ஹான் அம்மையாரின் கல்லறைக்குப் போக முடியுமா?

ஜெருங் என்ற அந்தக் கல்லறை கேசோங் பக்கம், வட கொரியாவில். 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 40 ஜோசொன் கல்லறைகளும் தெற்கில் உள்ளவை, இது சேரவில்லை. கணவர் சியோலுக்கு அருகே கூரியில் கிடக்கிறார். மற்ற அரசர்களின் கல்லறை மேட்டில் வெட்டிவிட்ட புல். அவர் மேட்டில் மட்டும் ஆளுயர நாணல். ஹம்ஹுங்கிலிருந்து கொண்டுவந்து நட்டது என்பார்கள்.