கண்ணாடிமேல் கண்ணாடி மொசைக்கிற்கு எந்தப் பசை ஏற்றது?

ஒளி ஊடுருவும் கண்ணாடித் தகட்டின்மீது வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, இடைவெளிகளைச் சாந்தால் நிரப்பிச் செய்யப்படுவதே கண்ணாடிமேல் கண்ணாடி மொசைக். வெளிச்சம் பின்புறமிருந்து வருவதால், சுவர் மொசைக்கில் மறைந்துவிடும் பசை இதில் படத்தின் ஒரு பகுதியாகவே தெரியும்.

பசையின் வேலை ஒட்டுவது மட்டுமன்று. துண்டுக்கும் தகட்டுக்கும் நடுவிலுள்ள காற்றை வெளியேற்றி அவ்விடத்தை நிரப்புவதும்தான். கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் நுழையும் ஒளி வளைந்து சிதறுகிறது. ஏறக்குறைய கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கும் பசை அங்கிருந்தால், ஒளி தடையின்றிக் கடந்துவிடும். வடை மடித்த தாளில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் வெளிச்சம் விடுவதும் இதனால்தான்.

வெள்ளைப் பசை, தன்னிலுள்ள நீர் ஆவியாகி உலர்வது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அந்த நீர் வெளியேற வழி குறைவு. மலேசியாவில், அடிக்கடி மாலை மழை பெய்யும் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், உலர்ந்த பிறகும் அது ஈரத்தை இழுத்து மீண்டும் வெளுத்துவிடும். நிறமற்ற சிலிகான் காற்றின் ஈரத்தைக் கொண்டே இறுகுவதால் நம் ஊருக்கு அதையே பரிந்துரைப்பேன் (காடி வாடை வீசும் வகையானால் சன்னல்களைத் திறந்து வையுங்கள்). ஆனால் அது ஓரத்திலிருந்து உள்நோக்கி இறுகும் என்பதால், பெரிய துண்டுகளை ஒட்டியவர்கள் சாந்து பூசுவதற்கு முன் சில நாள்களேனும் பொறுக்க வேண்டும். துண்டின் நடுவில் ஒரு பொட்டளவு வைத்து மெல்ல அழுத்தினால் காற்று ஓரங்களுக்குத் தள்ளப்படும். இரண்டு பாகங்களைக் கலக்கும் எப்பாக்ஸி காற்றில்லாமலே இறுகும். ஆனால் வெயில் படும் சன்னலில் அது நாளடைவில் மஞ்சள் பூக்கும்.

பசை கூடினால் பிடிப்பும் கூடும் என்பது தவறான எண்ணம். பிதுங்கிய பசை இடைவெளிகளை அடைத்து, சாந்து இறங்க இடமில்லாமல் செய்துவிடும்.