கரி கிடந்த இடம், கப்பல் நின்ற இடம்

வாசகர் கேள்விகளுக்கு, ராயபுரத்தில் 31 ஆண்டுகள் புவியியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை பதில் தருகிறார்.

டீச்சர், மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாக்குவாதம். "வெள்ளைக்காரனுக்கு மூளை இருந்தது, முன்னேறினான்" என்கிறார் ஒருவர். "அவன் ஊரில் நிலக்கரி இருந்தது, அவ்வளவுதான்" என்கிறார் இன்னொருவர். எது சரி?
*– மீஞ்சூர் வாசகர்*

தம்பி, நான் இரண்டாமவர் பக்கம். ஆனால் அந்த "அவ்வளவுதான்" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கரி உலகத்தில் பல இடங்களில் கிடந்தது. எந்த இடத்தில் கிடந்தது, பக்கத்தில் வேறு என்ன கிடந்தது, அதைத் தூக்கிப்போகத் தண்ணீர் வழி இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

என் அப்பா பேசின் பிரிட்ஜ் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்தவர். நீராவி இன்ஜினின் நெருப்புப் பெட்டிக்குள் ஷவலால் கரி அள்ளிப் போடுகிற வேலை. "கரியும் தண்ணியும் ஒரே இடத்துல கிடைக்குதா, அதான் நல்ல ஸ்டேஷன்" என்பார். தொழிற்புரட்சிப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேச்சுதான் ஞாபகம் வரும். இங்கிலாந்து அப்படி ஒரு ஸ்டேஷன்.

ஏறக்குறைய 36 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 30 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை, இன்றைய பிரிட்டன் இருக்கும் நிலம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் கிடந்தது. முழுக்கச் சதுப்புக் காடு. அந்த மரங்கள் சேற்றில் புதைந்து கரியாயின. பிறகு நிலம் மடிந்து, மேலே இருந்த பாறை தேய்ந்து, பல இடங்களில் கரிப்படுகை தரைக்குப் பக்கத்திலேயே தலைகாட்டியது. வட இங்கிலாந்தின் நியூகாசிலில் அது டைன் ஆற்றங்கரை வரைக்கும் வந்துவிட்டது. தோண்டு, படகில் ஏற்று, கடலோரமாகவே தெற்கே ஓட்டு, தேம்ஸ் ஆற்றுக்குள் நுழைந்தால் லண்டன். அதனால் லண்டன்காரர்கள் அதற்கு வைத்த பெயரே 'கடல் கரி'. கேப்டன் குக் மாலுமி வேலை கற்றது இந்தக் கரிக் கப்பல்களில்தான். 1768-ல் அவர் பசிபிக் கடலுக்குக் கொண்டுபோன எண்டெவர் கப்பலும் முதலில் கரி ஏற்றிக்கொண்டிருந்த கப்பல்.

லண்டன் பெரிதாகப் பெரிதாக விறகு விலை ஏறியது. நம் வடசென்னையிலும் விறகுத் தொட்டிகளுக்குச் சவுக்குக் கட்டை பக்கிங்ஹாம் கால்வாயில் படகு படகாக வந்து இறங்கியதைப் பாட்டி சொல்வார். மழைக்காலத்தில் படகு வரத் தாமதமானால் விலை எகிறிவிடுமாம். லண்டனுக்கும் அதே தொல்லை. ஆனால் அவர்களுக்குக் காலுக்கடியில் இன்னொரு எரிபொருள் இருந்தது.

மேலே கிடந்த கரி தீர்ந்ததும் ஆழமாகத் தோண்டினார்கள். ஆழத்தில் ஊற்று நீர் புகுந்து சுரங்கத்தை நிறைத்தது. அதை இறைக்கத்தான் நியூகாமன் 1712-ல் டட்லி ஊருக்குப் பக்கத்தில் தன் நீராவி இயந்திரத்தை நிறுத்தினார். அது பெருந்தீனிக்கார இயந்திரம். நூறு பங்கு சூட்டைக் கொடுத்தால் ஒரு பங்கைக்கூட உருப்படியான வேலையாகத் தராது. விறகை விலைக்கு வாங்கி எரிக்கிற ஊரில் அதை யாரும் ஒரு மாதம்கூட ஓட்டியிருக்க மாட்டார்கள். சுரங்க வாசலில் மட்டும் அது பிழைத்தது. அங்கே விற்பனைக்கு ஆகாத பொடிக்கரி குவிந்து கிடந்தது. அப்படிப் பிழைத்துக் கிடந்ததால்தான் 57 ஆண்டுகள் கழித்து, 1769-ல், ஜேம்ஸ் வாட் அதைத் திருத்திக் காப்புரிமை வாங்க முடிந்தது. மூளை வேலை செய்தது உண்மைதான் தம்பி. அது வேலை செய்ய எத்தனை மலிவான கரி எரிந்தது என்பதையும் பாருங்கள்.

அந்த டட்லி வட்டாரத்தில் கரியோடு இரும்புக்கல், சுண்ணாம்புக்கல், உலைச் செங்கல்லுக்கான களிமண் நாலும் நடந்துபோகிற தூரத்தில் கிடைத்தன. இரும்பு உருக்க இந்த நாலும் வேண்டும். 1709-லேயே கோல்புரூக்டேலில் ஆபிரகாம் டார்பி, மரக்கரியை விட்டுவிட்டு, நிலக்கரியைச் சுட்டு எடுத்த கோக்கைக் கொண்டு இரும்பு உருக்கிவிட்டார். இரும்புக்காகக் காட்டை வெட்ட வேண்டிய கட்டாயம் அன்றோடு தளரத் தொடங்கியது.

சீனாவைப் பாருங்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சோங் அரசர்கள் காலத்திலேயே, அங்கே நிலக்கரியால் இரும்பு உருக்கினார்கள். ஆனால் பிற்காலத்தில் நெசவும் வியாபாரமும் பணமும் சேர்ந்தது தெற்கே யாங்சி ஆற்றின் கழிமுகத்தில். பெரிய கரிப்படுகைகள் இருந்ததோ வடக்கே ஷான்ஸி மலைகளில். நடுவே கப்பல் போகிற வழி இல்லை. அந்த ஒரு தூரம் எவ்வளவு பெரியது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

பாறையோடு கதை முடிவதும் இல்லை. அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் பொன்னும் வெள்ளியும் அரசருக்கு. நிலத்துக்கடியில் கிடக்கும் கரி நிலத்துக்காரருக்கு. அதனால் பண்ணையார்களே சுரங்கம் தோண்டினார்கள், கால்வாயும் வெட்டினார்கள். பிரிட்ஜ்வாட்டர் பிரபு 1761-ல் வெட்டிய கால்வாய் மான்செஸ்டரை எட்டிய பிறகு அங்கே கரி விலை பாதியாக விழுந்தது. அந்த மான்செஸ்டர் ஆலைகளுக்கு வந்த பஞ்சு, அமெரிக்காவில் அடிமைகள் பறித்த பஞ்சு. நெய்த துணியை விற்க நம் நாட்டுச் சந்தை அவர்கள் கையில் இருந்தது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான்.

மூளை என்று சொன்ன உங்கள் நண்பருக்காக ஒருவரைச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தவர். வில்லியம் ஸ்மித், ஒரு கிராமத்துக் கொல்லரின் மகன். கால்வாய்க்கு நிலம் அளக்கப் போனவர், ஒவ்வொரு பாறை அடுக்கிலும் ஒவ்வொரு வகைச் சிப்பிக் கற்கள் இருப்பதைக் கவனித்தார். அதை வைத்துத் தனி ஆளாக நடந்து அலைந்து, 1815-ல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் பாறை வரைபடம் வெளியிட்டார். எங்கே தோண்டினால் கரி கிடைக்கும், எங்கே தோண்டுவது வீண் என்று நிறம் பார்த்தே சொல்லிவிடலாம். அவரைக் கடனுக்காக 1819-ல் சிறையில் போட்டார்கள். மதிப்பு வந்தது வெகு காலம் கழித்துத்தான்.

நம் நாட்டிலும் கரியும் இரும்பும் உண்டே? சேலத்தில் இரும்பு மலையே இருக்கிறது என்று படித்திருக்கிறேன். நாம் ஏன் முந்தவில்லை?
*– பெரம்பூர் வாசகி*

அம்மா, இதற்கு நம் ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்று ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. சேலத்து இரும்புத் தாதுவைப் பார்த்து ஆசைப்பட்டு, உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830-களில் பரங்கிப்பேட்டையில் உலை போட்டார். தாது முதல் தரம். நம் கொல்லர்கள் அந்த வகை இரும்பிலிருந்து செய்த உருக்கை லண்டனில் விஞ்ஞானி ஃபாரடேயே ஆராய்ந்திருக்கிறார், அவ்வளவு பேர் அதற்கு. ஆனால் எரிக்க நிலக்கரி இல்லை. மரக்கரிதான். சுற்றுக் காடுகளை வெட்ட வெட்ட விறகு தூரமாகிக்கொண்டே போனது, செலவு ஏறிக்கொண்டே போனது. அதே சமயம் இங்கிலாந்தில் கோக் உலைகள் இரும்பை மலிவாகக் கொட்டிக்கொண்டிருந்தன. பரங்கிப்பேட்டை உலை நிலைக்கவில்லை. இங்கிலாந்து 1709-ல் தாண்டிவிட்ட பள்ளத்தில் நாம் 1830-களில் போய் விழுந்தோம்.

தமிழ்நாட்டில் ஏன் நல்ல நிலக்கரி இல்லை? நம் தரை மிகப் பழையது. பல்லாவரத்துக் கருங்கல்லுக்குச் சுமார் 250 கோடி வயது. அந்தக் கல்லுக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறையில் போட்டிருப்பது இங்கிருந்து போன கல்தான் என்பதால் அந்தப் பெயர். இவ்வளவு பழைய பாறை உருவானபோது பூமியில் காடே கிடையாது, கரி எங்கிருந்து வரும்? பிற்காலத்தில் கடலோரம் படிந்த இளம் படுகையில்தான் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி கிடைத்தது. நெய்வேலி நிறுவனம் தொடங்கியது 1956-ல். பாதித் தண்ணீரும் பாதிக் கரியுமாக இருப்பதால் அதைத் தூரத்துக்கு அனுப்பிப் பயனில்லை, அங்கேயே எரித்துவிட வேண்டும்.

வங்காளத்தில் ராணிகஞ்சில் 1774-லேயே சுரங்கம் வந்துவிட்டது. 1851-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைத் தொடங்கியதே முக்கியமாக நிலக்கரி தேடத்தான். ஆனால் அந்தத் தேடல் யாருடைய ரயிலுக்கும் கப்பலுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. நம் கரி பிறந்த விதமே வேறு. ஐரோப்பாவில் மரம் விழுந்த இடத்திலேயே கரியானது. இந்தியாவோ அப்போது அண்டார்டிகாவோடு ஒட்டிக்கொண்டு தென்துருவத்துப் பக்கம் கிடந்தது. பனிப்பாறை உருகி ஓடிய வெள்ளம் செடிகொடிகளோடு மண்ணையும் அடித்துவந்து பள்ளத்தில் போட்டது. அதனால் கரிக்குள்ளேயே மண் கலந்துவிட்டது. நம் மின் நிலையங்களில் எரிக்கிற கரியில் நூற்றுக்கு 30, 40 பங்கு சாம்பல். அப்பா சிங்கரேணிக் கரியைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வார். வழியில் நிறுத்தி நிறுத்திக் கட்டிச் சாம்பலைக் கிளறித் தள்ள வேண்டியிருக்குமாம். எண்ணூரில் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்தைப் பார்க்கும்போது, 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய அந்த ஆற்று வண்டல்தான் கொசஸ்தலை ஆற்றோரம் வந்து கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பக்கத்து ஊர்க்காரர்கள் அதைத்தான் மூச்சில் இழுக்கிறார்கள். மனது கேட்பதில்லை.

ஜெர்மனி, அமெரிக்கா எல்லாம் எப்படி, டீச்சர்? (பிளஸ் டூ தேர்வுக்கும் ஆகும்.)
*– கொருக்குப்பேட்டை மாணவி*

சுருக்கமாகச் சொல்கிறேன் கண்ணு. ஜெர்மனிக்கு ரூர் பள்ளத்தாக்கில் அருமையான கரி, பக்கத்தில் ரைன் ஆறு. இரும்புத்தாது லொரேனில். 1871-ல் பிரான்சிடமிருந்து அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் பிடுங்கிக்கொண்டது. அந்தத் தாதுவில் பாஸ்பரஸ் அதிகம், உருக்கு நொறுங்கிவிடும். 1878-ல் தாமஸும் கில்கிறிஸ்டும் பாஸ்பரஸை நீக்க வழி கண்டார்கள். அதற்குப் பிறகு ஜெர்மன் உருக்கு எங்கேயோ போய்விட்டது. கண்டுபிடித்த இருவரும் பிரிட்டிஷ்காரர்கள், அதிக லாபம் ஜெர்மனிக்கு! இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு, 1951-ல், அந்தக் கரியையும் உருக்கையும் ஆறு நாடுகள் பொது நிர்வாகத்தில் வைக்க ஒப்பந்தம் போட்டன. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் விதை அது.

அமெரிக்காவில் இரும்பு மின்னசோட்டாவின் மெசாபி மலைத்தொடரில், கரி பென்சில்வேனியாவில். தூரம் அதிகம்தான், ஆனால் நடுவில் பேரேரிகள். 1855-ல், வழியில் இருந்த நீர்ச்சரிவைச் சுற்றிப் போகும் சூ கால்வாய் திறந்தபின் சுப்பீரியர் ஏரியிலிருந்து கப்பல் தடையில்லாமல் கீழே இறங்கியது.

பூமிக்கடியில் செல்வம் கிடைத்தவர்கள் எல்லாரும் முன்னேறவில்லையே?
*– பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்*

இல்லைதான். ஸ்பெயினுக்கு 1545-ல் தென் அமெரிக்காவில் பொட்டோசி வெள்ளி மலை கிடைத்தது. அந்த வெள்ளியைத் தோண்டியவர்கள் கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்ட ஆண்டிஸ் மலை மக்கள். வந்த பணம் போருக்கும் வட்டிக்கும் போனது. 1557, 1575, 1596 என்று அந்த அரசு திரும்பத் திரும்பக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. வெள்ளியை வைத்துப் பொருள் வாங்கலாம். கரியை வைத்துப் பொருள் செய்யலாம். நான் இந்த வேறுபாட்டைப் பெரிதாக நினைக்கிறேன். நார்வேக்கு 1969-ல் கடலடியில் எண்ணெய் கிடைத்தபோது அவர்களிடம் ஏற்கெனவே ஒழுங்கான அரசு இருந்தது. 1990-ல் சட்டம் போட்டு எண்ணெய்ப் பணத்தைப் பேரப்பிள்ளைகளுக்காகத் தனி நிதியில் சேர்க்க ஏற்பாடு செய்தார்கள்.

எங்கள் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். லண்டனுக்கு ஆறே துறைமுகம் என்கிறீர்கள். நம் சென்னைக்கு ஏன் அப்படி அமையவில்லை?
*– காசிமேடு வாசகர்*

தம்பி, நம் கரை நேர்கோடு, முழுக்க மணல். கூவம் கப்பலைத் தாங்காது. அந்தக் காலத்தில் கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகில் உங்கள் முன்னோர்கள்தான் அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் கரை சேர்த்தார்கள். 1870-களில் கல் கொட்டித் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள்.

ஆண்டில் பெரும்பகுதி நம் கடலில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே தேங்கிய மணல்தான் இன்றைய மெரினாவின் அகலம். வடக்கே மணல் வராததால் கடல் நம் பக்கத்தை அரித்தது. மெரினாவில் காற்று வாங்குகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும் என்று வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் சொல்லியிருக்கிறேன்.

2001-ல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம் திறந்தார்கள், முக்கியமாகக் கரிக்காகவே. ஒடிசாவில் தால்சேரில் தோண்டி, ரயிலில் பாராதீப்புக்கு வந்து, அங்கிருந்து கப்பலில் இறங்குகிறது. நியூகாசிலிலிருந்து லண்டனுக்குப் போன அதே மாதிரி கடல் கரி. விடியற்காலையில் நீங்கள் படகில் வடக்கே போகும்போது நிற்கிற கப்பல்களில் சில அதைத்தான் சுமந்து நிற்கும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சின்ன வயதில் காசிமேட்டில் வலை உலர்த்திய மணல் எது வரை இருந்தது? இப்போது கல் கொட்டியிருக்கும் இடத்திலிருந்து எத்தனை தப்படி உள்ளே? வந்தால் அடுத்த இதழில் போடுகிறேன்.