அப்பாவின் வறட்டு இருமலுக்குச் சுவான் பெய் வாங்கலாமா?

சிங்கப்பூர் யீஷுனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு 64 வயது. இரண்டு மாதமாக வறட்டு இருமல், இரவில் அதிகம். பெய் பா கோ என்ற சீன இருமல் பாகைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தும் நிற்கவில்லை. சீன மருந்துக்கடையில் சுவான் பெய் பொடி வாங்கி, பேரிக்காயில் போட்டு அவித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அவருக்கு பிபியும் சர்க்கரையும் உண்டு. வாங்கலாமா?"

பொடியாக வாங்கவே வாங்காதீர்கள். முழுதாக வாங்குவதையும் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.

சுவான் பெய் என்பது சிச்சுவான், திபெத் பக்கத்து மலைகளில் வளரும் லில்லிக் குடும்பச் செடியின் குட்டிக் கிழங்கு. நுரையீரல் வறண்டு வரும் இருமலைத் தணிக்கும் என்பது சீன மருத்துவத்தின் கணக்கு. காட்டில் தோண்டித் தோண்டிக் குறைந்துபோய், 2021இல் சீன அரசு அந்தச் செடி இனத்தையே பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்த்துவிட்டது. விலை ஏறாமல் என்ன செய்யும்? விலை ஏறினால் கலப்படமும் கூடவே வரும். வடகிழக்குச் சீனாவில் விளையும் பிங் பெய் என்ற மலிவான உறவுக்காரக் கிழங்கை அரைத்துச் சேர்த்துவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

முழுக் கிழங்கென்றால் கொஞ்சமாவது பார்க்கலாம். சிறிய உயர் ரகத்தில் பெரிய இதழ் ஒன்று சின்ன இதழைக் கட்டிப்பிடித்த மாதிரி இருக்கும், பிறை நிலா போல. மேசையில் வைத்தால் சாயாமல் உட்காரும். பளீரென்று வெளுத்து, மூக்கருகே கொண்டுபோனால் புளிப்பாக உறைத்தால் கந்தகப் புகை போட்டது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொடிதான் வேண்டுமென்றால் கண்முன்னால் அரைக்கச் சொல்லுங்கள். ஒரு வேளைக்கு 1 முதல் 2 கிராமுக்கு மேல் தேவையில்லை. கைநிறைய அள்ளிப் போடச் சொல்பவர் மருந்து சொல்லவில்லை, வியாபாரம் செய்கிறார்.

இங்கே சீன மருத்துவர் பதிவு செய்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் கல்லாவுக்குப் பின்னால் நின்று நிறுத்துக் கொடுப்பவருக்கு அந்தப் பதிவு வேண்டாம். பாட்டிலில் அடைத்து வரும் சீன மருந்துக்கு அனுமதி வேண்டும், டப்பாவிலிருந்து அள்ளித் தரும் மூலிகைக்கு வேண்டாம். இது என்ன ஏற்பாடு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று உங்களை அந்தக் கடையில் யாராவது கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் கேட்கிறேன். அப்பாவின் பிபி மாத்திரைப் பெயர் 'ப்ரில்' என்று முடிகிறதா? எனாலாப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் இப்படி? சிலருக்கு இந்த வகை மாத்திரையே வறட்டு இருமலைக் கொண்டுவரும். மாத்திரை தொடங்கிய வாரமே வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். அதனால்தான் யாரும் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை. சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது, தொண்டையில் ஏதோ குறுகுறுக்கும். இதற்குச் சுவான் பெய்யும் கேட்காது, பெய் பா கோவும் கேட்காது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பாலிகிளினிக்கில் (அரசு மருத்துவ நிலையத்தில்) சொன்னால் லோசார்டன் போன்ற வேறு வகைக்கு மாற்றுவார்கள். மாற்றியபின் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்தில் இருமல் அடங்கும். சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். அதனால் இரண்டாம் நாளே "நிற்கவில்லையே" என்று மறுபடி மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம்.

'ப்ரில்' இல்லையென்றாலும் மருத்துவரைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். மூன்று வாரத்தைத் தாண்டிய இருமலுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் மூலிகை தேடக் கூடாது. காசநோய் இந்த ஊரைவிட்டு இன்னும் போகவில்லை. எடை குறைந்தாலோ சளியில் ரத்தம் தெரிந்தாலோ நாளைக்கே கிளம்புங்கள்.

பெய் பா கோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தேனும் சர்க்கரையும் சேர்ந்த பாகு. மூன்று வேளையும் ஒரு மேசைக்கரண்டி என்று மாதக்கணக்கில் போனால் அப்பாவின் சர்க்கரை அளவு என்ன ஆகும்? அதில் அதிமதுரமும் இருக்கிறது. அளவு மீறினால் பிபியை ஏற்றும். பேரிக்காய் அவித்துக் கொடுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். கற்கண்டு மட்டும் வேண்டாம். கடைக்காரர் கசப்பு வாதுமைப் பருப்பும் சேர்த்துக் கட்டியிருந்தால் அதைத் தனியே எடுத்துவிடுங்கள். பச்சையாக மென்றால் அது விஷம்.

பாலிகிளினிக்கில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், பெய் பா கோ பாட்டிலையும் சேர்த்து ஒரே பையில் எடுத்துப்போய் மேசையில் கொட்டுங்கள். அவர்களாகக் கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.