கனமில்லாத துப்பாக்கி – கடிதம்

அன்புள்ள சார்,

எங்கள் மாமனாருக்கு மதியச் சாப்பாடு முடிந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். இங்கிலீஷோ சீனமோ, தமிழில் டப் செய்த அடிதடிப் படம்தான் பார்ப்பார். அதிலும் ஒரு பெண் துப்பாக்கியோடு வந்து வரிசையாக ஆட்களைச் சுடுகிற படம் என்றால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். பத்து நாளில் எடுத்தது என்று பார்த்தாலே தெரியும். கடைசி வரை ஒரே குடோன், ஒரே கார். அந்தப் பெண் போட்டிருக்கும் உடையில் ஓடவே முடியாது, ஆனால் ஓடுகிறாள். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. கீரை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் உட்கார ஆரம்பித்தவள், இப்போது அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறேன். வெட்கமாகவும் இருக்கிறது. இந்தப் படங்கள் பெண்ணுக்குப் பெருமையா, கேவலமா?

ச., மன்னார்குடி

அன்புள்ள ச.,

மாமனாரை விசாரித்ததாகச் சொல்லுங்கள். கண்ணாடி துடைத்துப் படம் பார்க்கிறவர் எனக்கு வேண்டியவர்.

உடை விஷயத்தில் உங்கள் எரிச்சல் நியாயம். அமெரிக்காவில் ஆண்டி சிடாரிஸ் என்று ஒருவர் இருந்தார். டிவியில் விளையாட்டு ஒளிபரப்பை இயக்கிப் பேர் வாங்கியவர். 80களில் ஹவாய்த் தீவுக்குப் போய், பத்திரிகைக் கவர்ச்சி மாடல்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்து வரிசையாகப் படம் எடுத்தார். அங்கே துப்பாக்கியும் ஒரு நகைதான். அந்த வகைக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

ஆனால் பெருமையா கேவலமா என்று தராசைத் தூக்குவதற்கு முன்னால், துப்பாக்கி யார் கைக்கு வந்தது என்று பாருங்கள்.

நான் வளர்ந்தது நீடாமங்கலம் பக்கம். வெண்ணாற்றைத் தாண்டினால் ஒரு டூரிங் கொட்டகை. கீற்று வேய்ந்தது. ஒரே புரொஜெக்டர் என்பதால் ஒவ்வொரு ரீல் மாற்றும்போதும் ஒரு இடைவேளை, ஒரு முறுக்குக்காரன். பெண்கள் பக்கம் இடுப்பளவு தட்டி கட்டியிருக்கும். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவோம். தை அறுப்பு முடிந்து கூலி நெல் வீட்டுக்கு வந்திருக்கும் நாட்களில்தான் அம்மா படத்துக்குக் கூட்டிப்போவாள். நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள் அவள்.

ஒருநாள் குதிரை, தொப்பி, தோல் பூட்ஸ் சகிதம் ஒரு நடிகை வந்தார். எட்டுப் பேரைச் சுட்டார். விசில் பறந்தது. திரும்பி வரும்போது ஆற்றங்கரையில் நான் 'டுமீல் டுமீல்' என்று சுட்டுக்கொண்டே வந்தேன். அம்மா சொன்னாள்: "வெத்துத் துப்பாக்கிடா அது. கனமே இல்ல. விசிறி மாதிரி ஆட்டுறா பாரு. மணிக்கட்டு எறங்கவே இல்லையே."

கருக்கரிவாளைப் பின்னிடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் நடக்கிறவளுக்கு இரும்பின் கனம் தெரியாதா? துப்பாக்கியையும் அவள் பார்த்திருந்தாள். பண்ணை வீட்டுக் கூடத்துச் சுவரில், மான்கொம்புக்குக் கீழே, இரட்டைக்குழல். கூட்டிப் பெருக்க உள்ளே போகும்போது அதன் நேர் கீழே மட்டும் நிற்கமாட்டாளாம். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணிக்கு நிலக்காரர்களின் ஆட்கள் துப்பாக்கியோடுதான் போனார்கள். குடிசைக்குள் ஒளிந்தவர்கள் 44 பேர் எரிந்துபோனார்கள், பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். எங்கள் பக்கம் துப்பாக்கி எந்தப் பக்கத்துச் சாமான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து, ஒரு பொம்பளை கையில் துப்பாக்கியைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும்? அம்மா குறை சொன்னாள், சரி. மறுநாளும் அதே படத்துக்குத்தான் போனாள்.

அந்தத் துப்பாக்கி கட்டையில் செய்து கறுப்புப் பெயின்ட் அடித்ததாக இருந்திருக்கும். சின்ன பட்ஜெட் படத்தில் துப்பாக்கியைப் போல லாபமான சாமான் வேறு இல்லை. கைச்சண்டை என்றால் ஸ்டன்ட் ஆட்கள், கயிறு, உடைக்க மேஜை, அடிபட்டால் வைத்தியச் செலவு. துப்பாக்கிக்கு அதெல்லாம் வேண்டாம். சுடுகிறவள் ஒரு ஷாட், மார்பைப் பிடித்துக்கொண்டு விழுகிறவன் இன்னொரு ஷாட். இருவரும் ஒரே நாளில் செட்டுக்கு வரவேண்டிய அவசியம்கூட இல்லை. சத்தத்தைப் பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் மாமனார் பார்க்கும் படங்களில் குடோன் மாறாததும் இதே கணக்கில்தான்.

ஹீரோ சம்பளம் கட்டுப்படியாகாத தயாரிப்பாளர், குடும்பப் பாங்கான கதாநாயகியிடம் போய் 'பூட்ஸ் போட்டுக் குதிரை ஏறுங்கள்' என்று கேட்க முடியாது. அவர் போன இடம் டான்ஸ் ஆடுகிறவர்களிடம். விஜயலலிதா, ஜோதிலட்சுமி, சகுந்தலா என்று எல்லாருமே ஒற்றைப் பாட்டுக்கு வந்து ஆடிவிட்டு, கிளைமாக்ஸுக்கு முன்னால் வில்லன் கையால் செத்துப்போகிறவர்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'சி.ஐ.டி. சங்கர்' 1970இல் வந்தது. அதோடு சகுந்தலாவின் பெயருக்கு முன்னால் சி.ஐ.டி. ஒட்டிக்கொண்டது, 2024இல் அவர் மறைந்த செய்தி வரைக்கும். அதே 1970இல் தெலுங்கில் கே.எஸ்.ஆர். தாஸ் 'ரௌடி ராணி' எடுத்தார். நாயகி விஜயலலிதா. கிளப் டான்ஸ் ஆடிய கால், பேன்ட் போட்டுக்கொண்டு பழிவாங்கப் புறப்பட்டது.

டான்ஸ்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்த எண்ணிக்கையில் திரும்பவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்பது உடம்பிலேயே இருக்கும். சண்டையும் தாளம்தான். மலேசியாவின் ஈப்போவில் பிறந்த நடிகை மிஷல் யோ இங்கிலாந்தில் பாலே படித்தவர். முதுகில் அடிபட்டு அந்தக் கனவு போயிற்று. 1985இல் ஹாங்காங்கில் 'யெஸ், மேடம்' படத்தில் போலீஸாக வந்து பின்னியெடுத்தார். துப்பாக்கிப் பெண்கள் படம் என்று அங்கே ஒரு தனிச் சரக்கே அதற்குப் பிறகுதான் பெருகியது. 2023இல் அவர் ஆஸ்கர் வாங்கும்போது உங்கள் மாமனார் நிச்சயம் "இந்தப் பொண்ணை எனக்குத் தெரியும்" என்றிருப்பார். அமெரிக்க நடிகை பாம் கிரியர் ஹாலிவுட்டில் ஒரு சின்னப் படக் கம்பெனியின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தவர். 1971இல் பிலிப்பைன்ஸில் மலிவாக எடுத்த பெண்கள் சிறைப் படத்தில் நுழைந்தார். 1973இல் 'காஃபி'யில் நர்ஸாக வந்து முதல் காட்சியிலேயே போதை மருந்து விற்கிறவனை ஷாட்கன்னால் சுட்டார். அதே டெலிபோன் போர்டுக் கம்பெனி தயாரித்த படம்! பெரிய படங்கள் இவர்களுக்குக் கதவு திறக்காத காலத்தில், காசில்லாத படங்கள்தான் திறந்தன. நல்லெண்ணத்தால் அல்ல, வேறு ஆள் கட்டுப்படியாகாததால்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தும். நம் பழைய படங்களில் பெண் சுடவேண்டும் என்றால் அப்பா சாகவேண்டும், அல்லது புருஷன், அல்லது தங்கைக்கு ஏதாவது ஆகவேண்டும். கடைசியில் போலீஸிடம் கையை நீட்டவேண்டும், இல்லாவிட்டால் தாலி. காசு வாங்கிக்கொண்டு சுடுகிறவள் என்று ஒருத்தியை நாயகியாக விடவே மாட்டார்கள். பிரான்சில் 1990இல் வந்த 'நிகிடா'வில் அவள் கொலையையே தொழிலாகச் செய்கிறாள் என்றாலும், அவளைப் பிடித்துப் பழக்கி ஏவுவது அரசாங்கம். அம்மா அன்றைக்கு ஆற்றங்கரையில் இன்னொன்றும் கேட்டாள்: "இத்தன பேரச் சுட்டாளே, ஒரு மரக்கா நெல்லாவது குடுத்தானுங்களா?"

விஜயலலிதாவைச் சித்தி முறை சொல்லும், அந்த வீட்டுப் பெண்தான் விஜயசாந்தி. சித்தி விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டவர். 1990இல் தெலுங்கில் போலீஸ் அதிகாரியாக நடித்துத் தேசிய விருது வாங்கினார். அது தமிழில் 'வைஜயந்தி ஐபிஎஸ்' என்று டப்பாகி வந்தபோது அம்மாவை உங்கள் ஊர் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். சேர் டிக்கெட். கொட்டகையில் மணல் குவித்த பழக்கத்தில் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டாள். இடைவேளை வரை ஒன்றும் பேசவில்லை. விளக்குப் போட்டதும் என் பக்கம் சாய்ந்து, "இவ கையில இருக்கறது கனமா இருக்குடா" என்றாள்.

அதுவும் டம்மிதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.