தோளில் ரெண்டு ஸ்டார்: லெப்டினென்டா, சுபேதாரா?

கேள்வி: ரெண்டு ஸ்டார் போட்டவரை லெப்டினென்ட் சார்னு கூப்பிட்டேன், சிரிச்சுட்டார். ஏன் சார்?

பதில்: ஸ்டாரை எண்ணும் முன் தோள்பட்டையில் உள்ள ரிப்பனைப் பாருங்கள். இந்திய ராணுவத்தில் சிவப்பு-மஞ்சள்-சிவப்பு ரிப்பன் இருந்தால் அவர் ஜேசிஓ (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்), அதாவது ஆபீசருக்குக் கீழ், ஹவில்தாருக்கு மேல். ஒரு ஸ்டார் நாயிப் சுபேதார், இரண்டு சுபேதார், அசோகச் சிங்கம் சுபேதார் மேஜர். ரிப்பன் இல்லாத இரண்டு ஸ்டார்தான் லெப்டினென்ட். ரிப்பன் இல்லாத சிங்கம் மேஜர். நம்மூர் எஸ்.ஐ. தோளிலும் சிவப்பு-நீல ரிப்பன் இருக்குமே, அதே கணக்கு.

கேள்வி: அப்போ சுபேதார் என்சிஓ இல்லையா?

பதில்: இல்லை. என்சிஓ (நான்-கமிஷன்ட் ஆபீசர்) ஜேசிஓவுக்குக் கீழ் நிலை. அவர்களுக்குச் சின்னம் கையில்: லான்ஸ் நாயக் ஒரு பட்டை, நாயக் இரண்டு, ஹவில்தார் மூன்று. முனை கீழ்நோக்கி இருக்கும். அமெரிக்கப் படங்களில் மேல்நோக்கி. ஜேசிஓ தனி அடுக்கு. பழைய ஆவணத்தில் 'ஜமேதார்' என்றிருந்தால் குழம்ப வேண்டாம், 1965இல் அதுதான் நாயிப் சுபேதார் ஆனது.

கேள்வி: சிஎச்எம், சிக்யூஎம்எச் ரெண்டு பேரும் ஹவில்தார்தானே? யார் பெரியவர்?

பதில்: இரண்டும் ஹவில்தாருக்குத் தரும் பொறுப்புகள். கம்பெனி என்பது பட்டாலியனின் ஒரு பிரிவு. சிஎச்எம், அதாவது கம்பெனி ஹவில்தார் மேஜரிடம் ஆள் கணக்கு, டியூட்டி, ஒழுங்கு. சிக்யூஎம்எச், அதாவது கம்பெனி குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தாரிடம் ரேஷன், உடுப்பு, ஸ்டோர். அதிகாரம் அதிகம் முன்னவருக்கே.

ஆள் கணக்கு இப்படி: காலை ஃபால்-இன்னில் (அணிவகுப்பில்) நிற்பவர், லீவு, கோர்ஸ், ஆஸ்பத்திரி, காவல் டியூட்டி எல்லாம் கூட்டினால் கம்பெனியின் மொத்த பலம் வர வேண்டும். ஓர் ஆள் இடித்தால், தற்காலிக டியூட்டிக்குப் போனவர் பதிவாகாமல் விட்டிருக்கும். ரேஷன் இந்தக் கணக்கின்படிதான் எடுப்பார்கள்; இங்கே தவறினால் லங்கரில் (சமையல்கூடத்தில்) தெரியும்.

சிக்யூஎம்எச் வெறும் ஸ்டோர் ஆள்தானே என்று நினைக்காதீர்கள். 1965 போரில் பஞ்சாபின் கேம்கரன் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகளை அடித்து நொறுக்கி பரம்வீர் சக்ரா பெற்ற அப்துல் ஹமீது சிக்யூஎம்எச்தான்.

கேள்வி: சுபேதார் மேஜர் எந்த பிளட்டூனை நடத்துவார்?

பதில்: எதையும் இல்லை. பிளட்டூன் (கம்பெனியின் ஒரு பிரிவு) பெரும்பாலும் சுபேதார் அல்லது நாயிப் சுபேதார் கையில். சுபேதார் மேஜர் பட்டாலியனுக்கு ஒருவர். ஜவான்களின் சாப்பாடு, லீவு, குடும்பப் பிரச்சினை பற்றி சிஓவிடம் (பட்டாலியனின் தலைமை ஆபீசர்) நேரே பேசுபவர். ஆபீசர்கள் போஸ்டிங்கில் மாறிக்கொண்டே இருப்பார்கள். இவரோ சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக வந்தவர், அதனால் அவர் பேச்சுக்கு எடை அதிகம்.

கேள்வி: பெரியப்பா சுபேதார் மேஜரா ரிட்டயர் ஆனார். வீட்டுப் பலகையில் 'கௌரவ கேப்டன்'. சரியா?

பதில்: சரிதான். தகுதியுள்ள ஜேசிஓக்களுக்கு ஜனவரி 26, ஆகஸ்ட் 15 பட்டியல்களில் கௌரவ லெப்டினென்ட், கௌரவ கேப்டன் பதவி அறிவிப்பார்கள். பலகையில் 'கௌரவ' என்ற சொல் மட்டும் விடுபடக் கூடாது.