கம்ப்ரஷன் சட்டை வாங்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

குமரி மாவட்டத்தின் மேற்கெல்லை ஊர்களிலிருந்தும், எல்லை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் குடியிருக்கும் தமிழ் வாசகர்களிடமிருந்தும் அண்மையில் வந்த கடிதங்களில் பல, பயிற்சியின்போது உடலோடு ஒட்டி அணியும் கம்ப்ரஷன் சட்டையைப் பற்றியவையாக இருந்தன. அவற்றுள் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து இங்கே பதில் அளிக்கிறேன்.

குழித்துறையிலிருந்து தினமும் ரயிலில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மாலையில் அங்கேயே ஜியு-ஜிட்சு என்னும், தரையில் உருண்டு பிடிபோடும் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். கம்ப்ரஷன் சட்டை போட்டால் இரத்த ஓட்டம் கூடி, பலமும் கூடும் என்று கடைக்காரர் சொல்கிறார். விலையோ 500 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய் வரை இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் பலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உடலை இறுக்கிப் பிடிக்கும் சட்டையால் குத்தின் வேகமோ பிடியின் உறுதியோ கூடும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. கடும் பயிற்சிக்கு மறுநாள் வரும் தசைவலி சற்றுக் குறைவாகத் தெரிவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. அந்தப் பயனும் சிறிய அளவுதான். நரம்புச் சுருட்டலுக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் காலுறையில், அது தரும் அழுத்தம் 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரசம், 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரசம் என்று அளந்து குறிக்கப்பட்டிருக்கும். விளையாட்டுப் பொருள் கடையில் தொங்கும் சட்டையில் பெரும்பாலும் அப்படி எந்த அளவும் இருக்காது. அளவே சொல்லாத அழுத்தத்தை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

தோலைக் காப்பதுதான் இந்தச் சட்டையின் உண்மையான வேலை. கடலில் அலைச்சறுக்குபவர்கள், மெழுகு பூசிய பலகையில் மார்பும் வயிறும் உரசிப் புண்ணாகாமல் இருக்க அணிந்த ரேஷ் கார்டு என்னும் உடைதான், பிற்காலத்தில் தரையில் உருண்டு பிடிபோடும் கலைகளுக்கு வந்து சேர்ந்தது. பயிற்சி விரிப்பில் முழங்கையும் தோளும் தேய்ந்து சிராய்ப்பதை அது பெருமளவு தடுக்கிறது. எதிராளியின் வியர்வை உங்கள் தோலில் நேரடியாகப் படுவதைக் குறைக்கிறது. தொளதொளப்பான பனியன் அணிந்தால், பிடிக்க வரும் எதிராளியின் விரல் துணி மடிப்பில் சிக்கி மடங்கிவிடக்கூடும். உடலோடு ஒட்டிய சட்டையில் அந்த அபாயமும் குறைவு. துணி, தையல், அளவு ஆகிய எல்லாவற்றையும் இந்த நோக்கத்தை வைத்தே பாருங்கள்.

கழுத்துப் பட்டியிலோ பக்கத் தையலிலோ இருக்கும் துணிச்சீட்டைப் படியுங்கள். பாலியஸ்டர் அல்லது நைலான் 80 முதல் 85 சதவீதமும், ஸ்பான்டெக்ஸ் 15 முதல் 20 சதவீதமும் இருந்தால் அது பிடிபோடும் பயிற்சிக்கு ஏற்ற கலவை. லைக்ரா என்ற வணிகப் பெயரில் நாம் அறிந்திருப்பதும் இந்த ஸ்பான்டெக்ஸ் இழையே. டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் உருவாக்கியது. இழுத்த துணியை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டு வருவது இதுதான். ஸ்பான்டெக்ஸ் நான்கைந்து சதவீதம் மட்டுமே உள்ள சட்டை, சில வாரங்களிலேயே முழங்கையில் தொங்கத் தொடங்கும். நைலான் மென்மையானது, உராய்வையும் நன்றாகத் தாங்கும், ஆனால் விலை சற்று அதிகம். பாலியஸ்டர் விலை குறைவு, விரைவில் உலரும். இவ்விரண்டில் எதை எடுத்தாலும் தவறில்லை. பருத்தியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்ததாகச் சட்டையைத் திருப்பி உட்புறத்தைப் பாருங்கள். விலை குறைந்த சட்டைக்கும் நல்ல சட்டைக்கும் உள்ள வேறுபாடு வெளிப்புறத்து ஓவியத்தில் தெரியாது, உட்புறத்து அக்குளில்தான் தெரியும். இரண்டு துணி விளிம்புகளும் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று படுத்து, பல நூல்களால் அகலமாகத் தைக்கப்பட்டிருந்தால் அது பிளாட்லாக் தையல். விரல் நுனியால் தடவும்போது மேடு தட்டக்கூடாது. கயிறு போலத் திரண்டு நிற்கும் தையலானால், ஒரு மணி நேரம் உருண்டு எழுந்தபின் அக்குளின் கீழே அதே கோட்டில் தோல் சிவந்து எரியும். உப்பு வியர்வை அதில் பட்டால் இரவில் கையைத் தாழ்த்திப் படுக்கக்கூட முடியாது. கைப்பகுதித் தையல் தோள்முனையில் வராமல், கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக இறங்கும் வெட்டு இன்னும் நல்லது. தோளில் எடை விழும்போது தையல் அழுந்தாது.

படம் அச்சிட்ட சட்டையானால், அந்தப் படத்தின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சப்ளிமேஷன் முறையில் சாயம் இழைக்குள்ளேயே ஏறிவிடுவதால் துணியின் பரப்பும் படத்தின் பரப்பும் ஒன்றாகவே இருக்கும். மேலே ரப்பர் போலப் பூசிய அச்சு, இழுக்கும்போது வெடித்து, பிறகு விரிப்பிலெல்லாம் செதில் செதிலாக உதிரும். கடைசியாக, மார்புப் பகுதியை இரு கைகளாலும் நன்றாக இழுத்து விடுங்கள். உடனே சுருங்கி முன்னிருந்தபடி ஆக வேண்டும். இந்தச் சோதனைகளில் 800 ரூபாய்ச் சட்டை தேறினால், 3,000 ரூபாய்ச் சட்டையைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. மிஞ்சிய பணத்தில் இரண்டாவது சட்டை ஒன்று வாங்குங்கள். அதன் தேவையைப் பின்னால் வரும் மற்றொரு கேள்வியில் விளக்குகிறேன்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. அருமனையிலிருந்து ஜூடோ பயிற்சிக்குப் போகிறாள். வளரும் பிள்ளை என்பதால் ஓர் அளவு பெரியதாக வாங்கலாமா? உள்ளே தெரியாத சட்டையாகவும் வேண்டும்.

அம்மா, ஸ்மால், மீடியம் என்ற எழுத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் லார்ஜாக இருக்கும். அக்குளுக்குக் கீழே, மார்பின் அகன்ற பகுதியைச் சுற்றி டேப்பால் அளந்து, அந்தச் சட்டைக்கென்று தரப்பட்ட அங்குலப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரண்டு அளவுகளுக்கு இடையில் வந்தால், வளரும் பிள்ளைக்குப் பெரிய அளவே சரி. அதற்காக மடித்து விடும்படி பெரிதாக எடுத்தால் விரல் சிக்காது என்ற பயனே போய்விடும்.

அணிந்து பார்க்கும்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். இடுப்பு வெளியே தெரிந்தால் நீளம் போதாது. குந்தி உட்கார்ந்து, முதுகை வளைத்து, வயிறு நிறைய மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். மூச்சு தடைபட்டாலோ, சிறிது நேரத்தில் விரல்கள் மரத்தாலோ அது சிறிய அளவு. கழற்றியபின் தோலில் தெரியும் இலேசான தையல் தடம் விரைவில் மறைந்துவிட்டால் கவலை இல்லை.

உள்ளே தெரிவதைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. மடிப்பில் கனமாகத் தெரியும் வெள்ளைத் துணி, இழுபட்டு நனைந்தபின் கண்ணாடி போல ஆகிவிடும். கடை வாசலுக்குக் கொண்டுபோய், சட்டைக்குள் உங்கள் கையை விட்டு விரித்துப் பாருங்கள். விரல் ரேகையும் வளையலும் தெரிந்தால் வாங்க வேண்டாம். ஆயினும் ஜூடோ போட்டிகளில் பெண்கள் மேலங்கிக்குள் வெள்ளை நிறத்தில், வட்டக் கழுத்தும் அரைக்கையும் கொண்ட டி-ஷர்ட் அணிய வேண்டும் என்பது விதி; ஆண்கள் உள்ளே எதுவும் அணியக்கூடாது. ஆகவே போட்டிக்குக் கனமான வெள்ளை அரைக்கைச் சட்டை ஒன்றும், பயிற்சிக்கு அடர்நிறத்தில் முழுக்கைச் சட்டை ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். எந்தச் சட்டையானாலும் ஸ்போர்ட்ஸ் பிராவுக்கு அது மாற்று அல்ல என்பதையும் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

பத்துகாணி அருகே அடிமுறை என்னும் நம் பழைய தற்காப்புக் கலை பயில்கிறேன். எண்ணெய் பூசிக்கொண்டு, கச்சை கட்டித்தான் பயிற்சி. கம்ப்ரஷன் சட்டை அணிந்து வரட்டுமா என்று கேட்டதற்கு ஆசான் வேண்டாம் என்கிறார். தங்கள் கருத்து என்ன?

ஆசான் சொல்வதே சரி. எண்ணெய் பூசுவதும், உழிச்சில் என்னும் உடல் பிடித்துவிடுதலும் வெற்றுடம்புக்கு உரியவை. தோளின் அசைவும் மூச்சின் ஓட்டமும் ஆசானின் கண்ணுக்கு மறைவில்லாமல் தெரிவதும் அந்தப் பயிற்சியில் ஒரு பகுதி. துணியின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. பாலியஸ்டர் தண்ணீரை ஏற்காது, எண்ணெயை விடாது. தேங்காயெண்ணெயோ மருந்துக் குழம்போ ஏறிய சட்டையைச் சாதாரணமாக அலசினால் எண்ணெய் போகாது; நாள்பட்டுச் சிக்கு நாற்றம் எடுக்கும், ஸ்பான்டெக்ஸ் இழையும் தளரும். கம்பும் மற்ற ஆயுதங்களும் எடுக்கும் நாள்களில் சிராய்ப்பைத் தவிர்க்க வேண்டுமென்றால், எண்ணெய் பூசாத நாளாகப் பார்த்து ஆசானிடம் அனுமதி கேளுங்கள். அவர் மறுத்தால் விட்டுவிடுங்கள்.

மேல்புறத்தில் இருக்கிறேன். இடவப்பாதி மழைக்காலம் தொடங்கிவிட்டால் சட்டை உலர்வதே இல்லை. எவ்வளவு துவைத்தாலும் வாடை போகவில்லை. இப்போது முதுகிலும் அக்குளிலும் வட்டமாக அரிப்பு வேறு வந்துவிட்டது. சட்டைதான் காரணமா?

கடிதத்தில் விவரித்ததை வைத்துப் பார்த்தால் படர்தாமரையாக இருக்கலாம். தோல் மருத்துவர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு, ஸ்டீராய்டு கலந்த களிம்பை மட்டும் தயவுசெய்து பூசாதீர்கள். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும், பிறகு மருத்துவருக்கே அடையாளம் தெரியாத உருவில் திரும்பி வரும். நம் நாட்டில் படர்தாமரை இவ்வளவு பிடிவாதமாக மாறியதற்கு இத்தகைய களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரித்து வருகிறார்கள். குணமாகும் வரை வகுப்புக்குப் போகாதீர்கள். உங்களைப் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் அது ஒட்டும். வீட்டில் தளர்ந்த பருத்தி உடையே அணியுங்கள். துவர்த்தை, அதாவது துண்டை, பிறரோடு பகிராதீர்கள்.

சட்டை காரணமா என்றால், அதை அணிந்த முறை காரணமாக இருக்கலாம். பயிற்சி நேரத்தில் தோலைக் காக்கும் அதே சட்டை, பயிற்சி முடிந்தபின் நனைந்து ஒட்டியபடியே உடலில் கிடந்தால் பூஞ்சைக்கு வேண்டிய ஈரமும் வெப்பமும் கொடுத்துவிடும். அதை அணிந்தபடியே பஸ்ஸில் வீடு திரும்புவது, தேநீர்க் கடையில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பது ஆகிய இரண்டையும் நிறுத்துங்கள். வகுப்பு முடிந்ததும் கழற்றி, முடிந்தால் அங்கேயே குளித்து, உடம்பை நன்றாகத் துடைத்துவிட்டு வேறு உடை மாற்றுங்கள். நனைந்த சட்டையைப் பிளாஸ்டிக் பைக்குள் முடிந்து மறுநாள் வரை பைக்குள்ளேயே வைத்திருந்தால், எந்தச் சோப்பாலும் அந்த வாடையை எடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த அல்லது இளஞ்சூடான நீரில், நுரை முழுவதும் போகும்வரை அலசுங்கள். வெந்நீரும் குளோரின் கலந்த வெளுப்புப் பொடியும் ஸ்பான்டெக்ஸைக் கெடுக்கும். மணத்துக்காகக் கடைசி அலசலில் ஊற்றும் கண்டிஷனர் இழைகளின் மேல் படலமாகப் படிந்து, வியர்வையை வெளியே இழுக்கும் தன்மையைக் குறைத்து, வாடையையும் உள்ளே பிடித்து வைக்கும். பலரும் வாடை போகவில்லை என்று அதைத்தான் இன்னும் கூடுதலாக ஊற்றுகிறார்கள்.

உலர்த்துவதைப் பொறுத்தவரை நம் மழைக்காலத்திலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். பொதுவான காற்று ஈரத்தில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தை இழைக்குள்ளேயே வைத்திருக்கும். நைலான் 4 சதவீதம். பாலியஸ்டரோ அரை சதவீதத்துக்கும் குறைவு. பாலியஸ்டர்ச் சட்டையில் இருக்கும் தண்ணீர் பெரும்பாலும் இழைகளுக்கு இடையில் நிற்பதுதான். எனவே முறுக்கிப் பிழியாமல், உலர்ந்த துவர்த்தில் சட்டையைப் பரப்பிச் சுருட்டி, மேலே முழங்காலால் அழுத்தி நீரை ஒற்றி எடுத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே விரித்துத் தொங்கவிட்டால் மழை நாளிலும் காலைக்குள் உலர்ந்துவிடும். அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிட வேண்டாம். வெப்பமும் புகையும் இழையைக் கெடுக்கும். கோடையிலும் நிழலில் உலர்த்துவதே நல்லது. வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் பயிற்சி என்றால் இரண்டு சட்டைகள் கட்டாயம் வேண்டும். ஈரம் போகாத சட்டையை மறுநாள் மீண்டும் அணிவதைவிட, பழைய பருத்திப் பனியனை அணிவது மேல்.

கொல்லங்கோட்டில் தகரக் கூரையின் கீழ் கிக் பாக்ஸிங் பயிற்சி செய்கிறோம். முழுக்கைச் சட்டை வெப்பத்தைக் கூட்டாதா?

கூட்டும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடுகிறது. நின்று அடிக்கும் கலையில் தரை உராய்வும் குறைவு என்பதால் உங்களுக்கு மெல்லிய துணியில் அரைக்கைச் சட்டையோ, கையில்லாத சட்டையோ போதும். கையுறையின் வெல்க்ரோ சட்டையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது பட்ட இடத்தில் நூல் கிளம்பிவிடும். தலைசுற்றல், குமட்டல், தலைவலி தோன்றினால் பயிற்சியை நிறுத்திச் சட்டையைக் கழற்றி, நிழலில் உட்கார்ந்து உடம்பை நனையுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஜியு-ஜிட்சு போட்டிக்கு எந்த நிறச் சட்டையும் அணியலாமா?

மேலங்கி இல்லாத பிரிவில், சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதிப்படி, சட்டை கறுப்பாகவோ வெள்ளையாகவோ இரண்டும் கலந்தோ இருந்து, உங்கள் தகுதி நிலையைக் காட்டும் பெல்ட்டின் நிறம் அதில் குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். அல்லது முழுவதும் பெல்ட் நிறத்திலேயே இருக்கலாம். உடலோடு ஒட்டியதாகவும், கால்சட்டையின் இடுப்புப் பட்டை வரை எட்டுவதாகவும் இருக்க வேண்டும். கராத்தேயில் உலகக் கூட்டமைப்பின் விதி, பெண்கள் மேலங்கிக்குள் வெற்று வெள்ளை டி-ஷர்ட் அணிய இடம் தருகிறது. ஆண்களுக்கு அந்த அனுமதி இல்லை. எல்லாப் போட்டிகளும் இந்த விதிகளையே பின்பற்றுவதில்லை. ஆகவே பெயர் பதிவு செய்யும்போதே அமைப்பாளரிடம் விதியை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு கடைக்குப் போங்கள்.