மாட்டு ரெண்டாங், பியர், கித்தார்: சுயாதீனம் பற்றிச் சில கேள்விகள்

பினாங்குத் தீவிலும் அக்கரையில் பட்டர்வொர்த்திலும் நடக்கும் எங்கள் வீட்டுக் கூட்டங்களில் இந்த மாதம் பவுல் அப்போஸ்தலன் எழுதிய ரோமர் 14ஆம் அதிகாரமும் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையும் படிக்கிறோம். வேதம் தடை செய்யாததில் விசுவாசிக்கு இருக்கும் சுயாதீனத்தையும், அதைப் பிறருக்காக விட்டுக்கொடுப்பதையும் பற்றிய பகுதிகள் இவை. அதையொட்டி வந்த கேள்விகளில் சில இங்கே. பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி (ஜார்ஜ்டவுன் சகோதரி): தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு அக்கா தட்டு நிறையப் பலகாரம் கொண்டு வருவார். சாமிக்குப் படைத்ததா என்று தெரியாது. சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடுங்கள். படைத்ததா என்று கேட்கவும் வேண்டாம். கொரிந்துவில் கோயில்களில் பலியிட்ட இறைச்சி சந்தைக்கும் வந்துவிடும். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. கி.பி. 55 வாக்கில் எபேசுவிலிருந்து பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார்: கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு, அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் போய் வைத்ததைச் சாப்பிடு. "இது படைத்தது" என்று ஒருவர் சொன்னால் மட்டும் விட்டுவிடு. அதுவும் உன் மனச்சாட்சிக்காக இல்லை, சொன்னவருடைய மனச்சாட்சிக்காக (1 கொரி. 10:25-29).

அக்கா "பூஜையில வச்சதும்மா" என்று நீட்டினால் முகம் சுளிக்க வேண்டாம். "சாமிக்கு வச்சதை நாங்க எடுத்துக்கிறதில்லக்கா, அடுப்படியில தனியா இருந்தா ரெண்டு முறுக்கு குடுங்க" என்று உரிமையோடு கேளுங்கள். அவரே உள்ளே போய் டின்னைத் திறப்பார். பண்டிகைக்கு எல்லோரையும் வீட்டுக்கு அழைக்கும் திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் மலாய்க்காரத் தோழிக்குத் தனியாக எடுத்து வைத்துப் பழகிய வீடுதானே. நம் ஆட்கள்தான் இதைப் பெரிய போராட்டமாக்கிக்கொள்கிறோம்.

கோயில் மண்டபத்தில் பூஜையில் கலந்துகொண்டு பந்தியில் உட்காருவது வேறு விஷயம். அதற்கு 10:20-21ஐப் பாருங்கள். அங்கே பவுல் இவ்வளவு தாராளமாகப் பேசவில்லை.

கேள்வி (பட்டர்வொர்த், வீட்டுக் கூட்டம் நடத்துபவர்): எங்கள் கூட்டத்தில் மாட்டு ரெண்டாங் (தேங்காய்ப்பால் ஊற்றி வற்றவைக்கும் மலாய் இறைச்சிக் குழம்பு) பிரபலம். இந்துக் குடும்பத்திலிருந்து புதிதாக வந்த ஒரு சகோதரி அதைத் தொடுவதில்லை. அது இருக்கும் மேசைப் பக்கம்கூட வருவதில்லை. "இன்னும் விசுவாசத்தில் வளரவில்லை" என்று சிலர் கிண்டல் செய்கிறார்கள். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவருக்கா? கிண்டல் செய்கிறவர்களுக்கு முதலில் புரியவையுங்கள்.

ரோமாபுரியில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். கி.பி. 49 வாக்கில் ரோமப் பேரரசன் கிலவுதியு இராயன் யூதர்களை ஊரைவிட்டு அனுப்பினான். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதி கொரிந்துவுக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான் (அப். 18:2). இராயன் இறந்த பிறகு யூத விசுவாசிகள் திரும்பி வந்தபோது சபை புறஜாதியார் கையில் இருந்திருக்கும், சாப்பாட்டு மேசையும் அவர்கள் வழக்கப்படி இருந்திருக்கும் என்று வேத அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். மரக்கறி மட்டும் சாப்பிட்ட அந்தப் "பலவீனர்களை" சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர்களுடைய ஐயங்களைப் பற்றி வழக்கு நடத்தாதீர்கள் என்கிறார் பவுல். சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ணக் கூடாது. சாப்பிடாதவனும் சாப்பிடுகிறவனைக் குற்றவாளி என்று தீர்க்கக் கூடாது (ரோமர் 14:3). நம் கூட்டங்களில் இரண்டாவது பாதியைத்தான் அடிக்கடி பிரசங்கிக்கிறோம்.

மாட்டைத் தொடாமல் வளர்ந்த ஒருவருக்கு அந்த வாடையே குமட்டும். அதை விசுவாசக் குறை என்று யார் சொன்னது? கேலிக்குப் பயந்து, உள்ளே பாவம் என்று உறுத்திக்கொண்டே ஒரு துண்டை அவர் வாயில் போட்டால், அவரைத் தள்ளிவிட்டது நீங்கள். அடுத்த வாரம் கோழி ரெண்டாங் செய்யுங்கள். மாடு வேண்டும் என்பவர் வீட்டில் சமைத்துச் சாப்பிடட்டும். கரண்டியையும் தனியாக வையுங்கள்.

கேள்வி (பாயான் லெப்பாஸ், தொழிற்சாலைப் பொறியாளர்): சீன நண்பர்களின் கல்யாண விருந்தில் பியர் ஊற்றுவார்கள். ஒரு கிளாஸ் குடித்தால் என்ன? வேதத்தில் தடை இல்லையே.

பதில்: தடை இல்லைதான். வெறிகொள்ளாதே என்று இருக்கிறது, பவுலின் இளம் உடன் ஊழியர் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசமும் இருக்கிறது. ஆனால் நாம் யாருடைய பிள்ளைகள்? ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடை சம்பளத்தை விழுங்கிய கதை நம் பாட்டிமாருக்கு நன்றாகத் தெரியும். 1947 வாக்கில் கெடா தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கு எதிராகக் கிளம்பியது சும்மா இல்லை. அப்புறம் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. அதிலிருந்து ஜெபத்தோடு வெளியே வந்தவர் எங்கள் சபையில் மட்டும் பலர்.

அந்த மேசையில் அப்படி ஒருவர் இருந்தால், அல்லது உங்களை அண்ணன் என்று பார்க்கும் ஒரு வாலிபப் பையன் இருந்தால், சீனத் தேநீர் போதும். இல்லையென்றால் உங்கள் மனச்சாட்சியைக் கேளுங்கள், என்னைக் கேட்க வேண்டாம். குடித்துவிட்டு லோரிகளுக்கு நடுவே பாலத்தில் காரோட்டுவது மட்டும் எந்தச் சுயாதீனத்திலும் சேராது.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம், பாடல் குழு): ஒரு மூத்த அங்கிள் கித்தாரும் டிரம்ஸும் தனக்கு "இடறலாக" இருக்கிறது என்கிறார். நிறுத்திவிடலாமா?

பதில்: அங்கிள் உங்களைப் பார்த்து டிரம்ஸ் வாசிக்கப் போய், மனச்சாட்சி கெட்டு, விசுவாசத்தை விட்டுப் போய்விடுவாரா? மாட்டார். அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பவுல் கவலைப்பட்ட சகோதரன், நம்மைப் பார்த்துத் தன் மனச்சாட்சிக்கு விரோதமாக நடந்து கெட்டுப்போகிறவன் (1 கொரி. 8:10-11). நாற்பது வருஷமாக முன்வரிசையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவர் அவர் இல்லை.

தீமோத்தேயுவின் ஊர்ப்பக்கத்து யூதர்களுக்காக அவருக்கு விருத்தசேதனம் பண்ணியவர்தான் பவுல். இன்னொரு உடன் ஊழியர் தீத்துவுக்கும் அதைச் செய்தே ஆக வேண்டும் என்று சிலர் நெருக்கியபோது ஒரு நாழிகைகூட இணங்கவில்லை (கலா. 2:3-5). விட்டுக்கொடுப்பதைப் பிறர் சட்டமாக்கப் பார்த்தால் நின்றுவிட வேண்டும். அதே நேரம், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, வாரம் ஒரு பழைய கீர்த்தனையாவது பாடுங்கள். வயதானவர் காதும் காதுதானே.

கேள்வி (வாலிபர் கூட்டத் தலைவி): தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் நாங்களும் தண்ணீர் கொடுக்கலாமா?

பதில்: தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க என்ன தடை? பந்தலில் பூஜை எதுவும் வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சமீபம் வரை காவடி எடுத்த பிள்ளை யாராவது குழுவில் இருந்தால், உறுமி சத்தம் கேட்கும் இடத்தில் அவனை நிறுத்தாதீர்கள். வீட்டில் பாட்டில்களை அடுக்கட்டும். காரணத்தை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டாம்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): நாலு நம்பர் லாட்டரி எடுப்பதும் இந்தச் சுயாதீனத்தில் வருமா?

பதில்: வராது. அது பேராசைக் கணக்கு. ரோமர் 14ஐ அதற்குள் இழுக்காதீர்கள்.

கேள்வி (மேலே கேட்ட பொறியாளரே): சரி, வீட்டில் நானும் மனைவியும் மட்டும் இருக்கும்போது ஒரு கிளாஸ் குடிக்கிறோம். சபையில் சொல்வதில்லை. இது மாய்மாலமா?

பதில்: இல்லை. "தேவனுக்குமுன்பாக உன்மட்டும் இருக்கட்டும்" என்று ரோமர் 14:22 சொல்வது இதைத்தான். பேஸ்புக்கில் கிளாஸோடு படம் போடாமல் இருப்பது பொய் ஆகாது. ஆனால் போதகர் நேராகக் கேட்டால் "ஆமாம் ஐயா" என்று சொல்லிவிடுங்கள்.